இந்திரகுமாரின் டிக்கிக் கதவு

இந்திரகுமாரின் வேகனுக்குள் ஒரு ரப்பர் மரக் கம்பு எப்போதும் கிடக்கும். நீளம் மூன்றடி நான்கங்குலம். பின்னாலுள்ள டிக்கிக் கதவைத் தூக்கிய பின் அந்தக் கம்பை முட்டுக்கொடுத்தால்தான் கதவு நிற்கும். வண்டி 1998ஆம் ஆண்டு ஜப்பானில் செய்தது. கதவைத் தாங்கும் இரண்டு ஷொக்குகளும் 2019இலேயே காற்றிறங்கிவிட்டன. வேறு ஆளாக இருந்தால் இது ஒரு பெரிய விஷயமில்லை. இந்திரகுமாரின் வலது கை தோளுக்கு மேலே போகாது. அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு, குனிந்து, பிடரியால் கதவை முட்டித் தூக்கி, இடது கையால் கம்பைச் சொருகுவார். பார்க்கிறவர்களுக்கு மாடு கொட்டிலுக்குள் நுழைவது போலிருக்கும். அவரே அப்படித்தான் சொல்லிச் சிரிப்பார்.

அந்தத் தோள் ஒரே நாளில் கெட்டதல்ல. இந்திரகுமார் 1970 நவம்பரில் எங்கள் வெலிஹேன ரப்பர் தோட்டத்துக் கீழ்ப் பிரிவில், ஐந்தாம் லய வீட்டு வரிசையில் பிறந்தார். அப்பாவும் அம்மா மூக்காயியும் மரங்களில் பால் வெட்டினார்கள். பதினாறு வயதில் தோட்டத்து லொறிக்குக் கிளீனராகச் சேர்ந்தவர், இருபத்தாறில் அதே லொறிக்குச் சாரதியானார். சாரதியான பிறகும் ரப்பர் ஷீட் கட்டுகளைத் தலைக்கு மேலே தூக்கி எறிவதை அவர் விடவில்லை. கிளீனராக வந்தவர்கள் எல்லாம் மெலிந்த ஆட்களாக வாய்த்ததுதான் காரணம் என்பார். மொத்தம் இருபத்திரண்டு வருடம் தூக்கினார். லொறியைத் தோட்டம் விற்றபோது இந்த வேகனை வாங்கி ஹயருக்கு ஓடத் தொடங்கினார்.

மல்லிகாவை அவர் சந்தித்ததும் ஒரு தூக்கலில்தான். 1994இல் பால் நிறுக்கும் இடத்தில் லொறி நிற்கும். மல்லிகா அப்போது ஒரு நாளைக்கு இருநூற்றெழுபது மரத்தில் பால் வெட்டுவார். வாளியோடு வரிசையில் நின்றவரிடம் இந்திரகுமார் போய், "குடுங்க, நான் தூக்குறேன்" என்றிருக்கிறார்.

"ஏன், எனக்குக் கை இல்லையா?" என்று கேட்டாராம் மல்லிகா.

மறுநாளும் கேட்டார். மறுநாளும் அதே பதில். பதினோராம் நாள், "தூக்க வேணாம். வேணும்னா கூட நடந்து வாங்க" என்று மல்லிகா சொன்னதாக இருவருமே சொல்கிறார்கள். அடுத்த வருடம் தையில் கலியாணம். பிள்ளைகள் இல்லை. மல்லிகாவின் தங்கை மகள் ஷாமிளா, தாய் வெளிநாடு போயிருந்த காலத்தில் ஏழு வயது வரை இவர்கள் வீட்டில்தான் வளர்ந்தாள்.

2021இல் மல்லிகாவுக்குச் சீனி வருத்தத்தால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. கொழும்பில் ஒரு சங்கம் சக்கர நாற்காலி கொடுத்தது. பழைய மாதிரி; பதினேழு கிலோ; மடங்கும், ஆனால் முழுதாக மடங்காது. வேகனின் பின் இருக்கைக் கதவு வழியாக ஏற்றிப் பார்த்தார்கள். இரண்டங்குலம் இடித்தது. டிக்கிதான் வழி. ஆகவே பிடரி, கம்பு, நாற்காலி என்று மூன்று வருடம் ஓடிற்று. மல்லிகா முன் இருக்கையில் உட்கார்ந்திருப்பார். பின்னால் கதவு கிரீச்சிடும் சத்தம் கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

2024 ஏப்ரல் 9, செவ்வாய்க்கிழமை. வருடப் பிறப்புக்குச் சாமான் வாங்கக் கேகாலைக்குப் போயிருந்தார்கள். திரும்பும்போது பெருமழை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மல்லிகாவை நாற்காலியில் வைத்துக் கூட்டி வந்து, அவர் கையில் குடையைக் கொடுத்துவிட்டு, இந்திரகுமார் சாமானை முதலில் ஏற்றக் கதவைத் தூக்கிக் கம்பை வைத்தார். கம்பு ஈரத்தில் வழுக்கிற்று. கதவு நேராக அவர் தலையில் இறங்கிற்று. இரத்தம் காதோரமாகச் சட்டைக்குப் போனது. மரக்கறி வாங்க வந்த இரண்டு பேர் ஓடி வந்து கதவைத் தூக்கினார்கள். ஐந்து தையல். மல்லிகா நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். எழும்ப முடியாது. நாற்காலியின் சக்கரம் வடிகானின் விளிம்பில் மாட்டியிருந்தது, தள்ளவும் முடியாது. குடையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து, அவர் சொன்னது இவ்வளவுதான்: "இனி என்னய எங்கயும் கூட்டிட்டுப் போக வேணாம்ங்க."

சொன்னால் சொன்னதுதான். கிளினிக்குக்கு மட்டும் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவின் மகனுடைய திரீவீல் ஆட்டோவில், ஊன்றுகோலோடு போய் வருவார். கோயிலுக்கு இல்லை. கடைக்கு இல்லை. சக்கர நாற்காலி வீட்டுக்கும் வாசலுக்குமாக ஓடியது.

ஜூன் 16ஆம் திகதி ஷாமிளா வெற்றிலைத் தட்டோடு வந்தாள். செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, ரம்புக்கனையில் கலியாணம். பெரியம்மாதான் தனக்குப் பூ வைத்து மணவறைக்கு அழைத்துப் போக வேண்டும் என்றாள். மல்லிகா தட்டை வாங்கினார். நெற்றியில் திருநீறு பூசினார். "வாறேன்னு இப்ப சொல்ல மாட்டேன்டி" என்றார். ஷாமிளா அழவில்லை. ஆனால் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து போனாள். அதை இந்திரகுமார் கவனித்தார்.

அந்த வாரமே அவர் கேகாலைக்குப் போனார். சந்தைக்குப் பின்புறத் தெருவில் ஹஸீப் என்ற வாகன எலக்ட்ரீசியனின் கராஜ் இருக்கிறது. நாற்பத்தாறு வயது; முஸ்லிம் ஆட்களை அண்ணன் என்று அழைக்கும் முறையில் எங்கள் எல்லோருக்கும் 'நானா'; அதிகம் பேசாதவர்; பேசினால் வேலை செய்தபடியே, ஆளைப் பார்க்காமல் பேசுவார். அன்று தோட்டத்து அலுவலகக் கிளாக்கரான நானும் உடன் போயிருந்தேன்.

"புது ஷொக் ரெண்டு போட்டா முடிஞ்சிது அண்ண" என்றார் ஹஸீப்.

"பாதிக்கு மேலதான் நானா அது தானாத் தூக்கும். முதல் பாதிய யாரு தூக்குறது? மூடுறதுக்குக் கை மேல போகணுமே."

"கயிறு ஒண்டு கட்டித் தாறன். புடிச்சி இழுங்க."

இந்திரகுமார் தொப்பியைக் கழற்றித் தையல் தழும்பைத் தடவினார். "இந்த புது ஜீப்புகள்ல பட்டன அமுத்துனா கதவு தானாத் தெறக்குமே, அந்த மாதிரி இதுக்குப் பூட்ட ஏலாதா?"

ஹஸீப் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். "இதுக்கா? இது ஈக்கிற நெலமைக்கா?"

"நான் தெறக்குறதுக்கு இல்ல நானா. அவ தெறக்கணும்."

ஹஸீப் கையைத் துடைத்துக்கொண்டு, வேகனைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். பிறகு கதவின் அளவெடுத்தார்.

இருபத்தாறு வருட வண்டிக்கென்று எவரும் அப்படியொரு செட் செய்து விற்பதில்லை. ஹஸீப் கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு இரண்டு தடவை போய், வேறொரு வண்டிக்கென்று வந்த செட் ஒன்றைத் தேடிப் பிடித்தார். ஷொக் இருக்கும் இடத்தில் பூட்டுவதற்கு உள்ளே மோட்டார் வைத்த இரண்டு தண்டுகள், ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, டிக்கியின் கீழ்ப் படியில் பதிக்கும் மின்சாரப் பூட்டு, ஒரு ரிமோட், சாரதி இருக்கைப் பக்கம் வைக்கும் ஒரு பட்டன். தண்டுகள் நாலு சென்றிமீற்றர் நீளம் கூட. கதவின் எடை தெரியாமல் அவற்றைப் பொருத்த முடியாது என்றார் ஹஸீப். கதவைக் கழற்றி, தோட்டத்து ரப்பர் ஸ்டோர் தராசில் வைத்தோம். கண்ணாடியோடு இருபத்துநாலு கிலோ அறுநூறு கிராம்.

"இதையா இவ்வளவு நாளும் பெடரியால தூக்குனீங்க?" என்றார் ஹஸீப்.

"உள்ள ஒண்ணும் இல்லாத தலைங்கிறதால தாங்கிச்சு."

ஆகஸ்ட் 10, 11 சனி ஞாயிறு இரண்டு நாளும் வேலை நடந்தது. ஆடி மாதத்தில் போய்ப் புதுச் சாமான் பூட்டுவதா என்று வெள்ளையம்மா வேலி மேலாகக் கேட்டார். கதவு பழசு, மோட்டார்தான் புதுசு என்று இந்திரகுமார் பதில் சொன்னார். ஹஸீப் கராஜை மூடிவிட்டு எங்கள் தோட்டத்துக்கே வந்து, வேகன் நிறுத்தும் தகரக் கொட்டிலில் வைத்துப் பூட்டினார். மேலே இரும்புத் தகட்டை வெட்டி ஒட்டி, தண்டுகளின் தலைக்குப் புது இடம் செய்தார். கதவு முழுதாகத் திறந்தால் கொட்டிலின் கூரை வளைமரத்தில் இடிக்கும் என்று கண்டு, ஐந்தடி எட்டங்குலத்தில் நிற்கும்படி பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்தார். கடைசியாக, இடையில் ஏதாவது மாட்டினால் கதவு நசுக்காமல் திரும்பி எழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

"என் தலைய வைக்கவா?" என்றார் இந்திரகுமார். "அதுக்குப் பழக்கம் இருக்கு."

ஹஸீப் ஒரு பப்பாசிப் பழத்தை வைத்தார். கதவு இறங்கி, பழத்தைத் தொட்டு, பீப் என்று சத்தமிட்டு மேலே போயிற்று. பழத்தில் விரல் பதித்தது போல் ஒரு பள்ளம். அதைப் பிறகு நாங்கள் சாப்பிட்டோம்.

ரிமோட்டை மல்லிகாவிடம் கொடுத்தபோது மாலை ஐந்து மணி இருக்கும்.

"எனக்கு எதுக்கு?" என்றார்.

"அமுத்திப் பாரு."

அமுத்தினார். கதவு ஒன்பது விநாடியில் திறந்தது. மறுபடி அமுத்தினார். எட்டு விநாடியில் மூடியது. மல்லிகா நாற்காலியைக் கொஞ்சம் முன்னே தள்ளிக்கொண்டு மறுபடியும் அமுத்தினார். ஏழாவது தடவை ஹஸீப், "அக்கா, பெட்டரி எறங்கிரும்" என்றார். அன்றிரவே ரிமோட்டை ஒரு மஞ்சள் நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். கலியாணத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "ஒரு மாசம் ஒழுங்கா ஓடட்டும். பாப்போம்" என்றார். இந்திரகுமாருக்கு அது போதும்.

ஆகஸ்ட் 16ஆம் திகதி காலையில் கதவு மூடவில்லை. இந்திரகுமார் ஹயருக்குப் புறப்படும்போது பட்டனை அமுத்தினார். கதவு இறங்கி, படியில் உட்கார்ந்து, உடனே பீப் பீப் என்று மேலே எழுந்துவிட்டது. மூன்று தரமும் அப்படியே. கயிற்றால் கட்டிக்கொண்டு ஓட்டினார். மறுநாள் ஹஸீப் பூட்டைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார். சரியாயிற்று. 23ஆம் திகதி காலையில் மறுபடி அதே கதை. மறுபடி ஹஸீப். மறுபடி சரியாயிற்று. 30ஆம் திகதி மூன்றாவது தடவை.

அன்று மல்லிகா வாசலில்தான் இருந்தார். கதவு இறங்குவதையும் எழுவதையும் பார்த்தார். உள்ளே போய் ரிமோட்டைக் கழுத்திலிருந்து கழற்றி, கலண்டர் தொங்கும் ஆணியில் மாட்டினார். பிறகு ஷாமிளாவுக்குப் போன் எடுத்து, "எங்களுக்கு இலை போட வேணாம்டி. பூ வைக்க உங்க அத்தையக் கூப்பிட்டுக்க" என்றார். மறுபக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. மல்லிகா, "இல்ல கண்ணு. ரோட்டுல வச்சு மறுபடி அந்த மாதிரி ஒண்ணு நடந்தா என்னால பாக்க முடியாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

மறுநாள் 31ஆம் திகதி, சனிக்கிழமை, நானும் இந்திரகுமாரும் கராஜுக்குப் போனோம். ஹஸீப் பூட்டைக் கழற்றி மேசையில் வைத்தபோது, இந்திரகுமார் ஒரு டயரின் மேல் உட்கார்ந்து, "வேணாம் நானா. எடுத்திருங்க. பழைய கம்பே போதும்" என்றார். குரலில் கோபம் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது.

நான் திகதிகளைக் குறித்து வைத்திருந்தேன். அதை ஹஸீப்பிடம் வாசித்தேன். பதினாறு, இருபத்துமூன்று, முப்பது. மூன்றும் வெள்ளிக்கிழமை.

"வெள்ளிக்கிழமைல கதவு வெரதமா?" என்றார் இந்திரகுமார்.

ஹஸீப் சிரிக்கவில்லை. தின்னர் போத்தலை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். "தெரியும் சேர்" என்றார் என்னிடம்.

"என்ன தெரியும்?"

"இந்தப் பூட்டு வாய்க்குள்ள சின்னப் பட்டன் ஒண்டு ஈக்குது. கதவு வந்து உக்காந்தா அது அமுங்கணும். அமுங்கினாத்தான் மூடியாச்செண்டு பெட்டிக்குத் தெரியும். அமுங்கல்லாட்டி யாருட கையோ மாட்டியிருக்கெண்டு நெனச்சித் திரும்பத் தூக்கிரும்." பூட்டைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். பட்டனைச் சுற்றி மஞ்சளாக ஏதோ காய்ந்து, சுண்ணாம்பு போல் இறுகியிருந்தது. "மொதல்ல கிறீஸ் எண்டு நெனச்சேன். ரெண்டாந் தடவ மோந்து பாத்தேன். சந்தனம்."

இந்திரகுமார் அதை வாங்கி மூக்கருகில் பிடித்தார்.

மல்லிகா வெள்ளிக்கிழமை விடியலில் தலை முழுகி, வாசல்படிக்கு மஞ்சளும் சந்தனமும் குழைத்துப் பொட்டு வைப்பார். காலை எடுத்த பிறகு குனிந்து வாசல்படியைத் தொட முடியவில்லை, வெள்ளையம்மாதான் வைத்துவிடுவார். டிக்கியின் படி நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு நேராக, கை எட்டும் உயரத்தில் இருந்தது. அவர் திறக்கும் கதவு அது. அந்தக் கதவுக்கு அதுதான் வாசல்படி. நடுவில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. நடுப் பொட்டு நேராகப் பூட்டின் வாயில் விழுந்தது. காய்வதற்காகக் கதவைத் திறந்தே விட்டு உள்ளே போய்விடுவார். ஒன்றரை மணி நேரம் கழித்து இந்திரகுமார் வந்து பட்டனை அமுத்துவார்.

அவர் மூன்று வெள்ளிக்கிழமையும் அந்தப் பொட்டுகளைப் பார்த்திருக்கிறார். நானும் பார்த்தேன். எங்கள் வீடுகளில் வெள்ளிக்கிழமை ஒரு படியில் பொட்டு இருந்தால் அது எவர் கண்ணிலும் படாது, இல்லாவிட்டால்தான் படும்.

"ரெண்டாந் தடவயே தெரிஞ்சும் ஏன் நானா சொல்லல?" என்றார் இந்திரகுமார்.

ஹஸீப் பூட்டைத் துடைக்கத் தொடங்கினார். "அக்கா ஆசைல வச்சது. உங்கட சாமிக்கு வச்சது. அத வைக்காதீங்க எண்டு நான் எந்த வாயால சொல்றது அண்ண? வேற ஆள் சொன்னாப் பரவாயில்ல. நான் சொன்னா அது வேற மாதிரிப் போய்ச் சேரும்."

இந்திரகுமார் முதலில் சிரித்தார். தோள் வலிக்க வலிக்கச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அவகிட்ட சொல்லாதீங்க" என்றார். "தன்னாலதான்னு தெரிஞ்சா அந்த ரிமோட்டத் திரும்பத் தொட மாட்டா. எனக்குத் தெரியும் அவளப் பத்தி."

"சொல்லாம எப்பிடி? வார வெள்ளியும் வப்பாங்களே" என்றார் ஹஸீப்.

"நான் தொடச்சு விடுறேன்."

"எத்தன வெள்ளிக்கு?"

ஹஸீப் மேசை இழுப்பறையைத் திறந்து, பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்தார். பித்தளைத் தகடு. மூன்றங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம், நாலு மூலையிலும் திருகாணித் துளை. விளிம்பெல்லாம் அரத்தால் தேய்த்துக் கையைக் கிழிக்காதபடி மழுக்கியிருந்தது. "போன கிழமையே வெட்டி வச்சேன்" என்றார். "என்ன சொல்லிக் குடுக்கிற எண்டுதான் வெளங்கல்ல."

"இந்த செட்டோட வந்ததுன்னு சொல்லுவோம்."

"ஹரி" என்று சிங்களத்தில் சம்மதித்தார் ஹஸீப்.

செப்டம்பர் 4ஆம் திகதி புதன்கிழமை மாலையில் அவர் தோட்டத்துக்கு வந்து, பூட்டின் வாயிலிருந்து சரியாக ஐந்தங்குலம் தள்ளி, படியின் வலது பக்கம் தகட்டைப் பூட்டினார். மல்லிகா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தார்.

"என்ன நானா இது?"

"இது செட்டோட வந்தது அக்கா. பொட்டு கிட்டு வைக்கிறதெண்டா இதுல வைக்கலாம். பெயின்ட் பழுதாகாது."

மல்லிகா தகட்டைப் பார்த்தார். பூட்டின் வாயைப் பார்த்தார். பிறகு ஹஸீப்பின் முகத்தைப் பார்த்தார். ஹஸீப் திருகாணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்லயே ஏன் பூட்டல?"

"மறந்துட்டேன் அக்கா."

"மூணு தடவ கழட்டிப் பூட்டுனீங்க. மூணு தடவயும் மறந்துட்டீங்களா?"

ஹஸீப் இறுகியிருந்த திருகாணியை இன்னும் ஒரு தரம் முறுக்கினார். இந்திரகுமார் கொட்டிலின் கூரையில் ஏதோ ஒழுக்கைத் தேடுவது போல் மேலே பார்த்தார். மல்லிகா தகட்டை விரலால் தடவினார். "ஜப்பான்காரன் பொட்டு வைக்க எடம் வச்சு அனுப்பியிருக்கான்" என்றார். "நல்ல மனுசன்." பிறகு உள்ளே திரும்பி, "தேத்தண்ணி ஊத்துறேன், குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை, 6ஆம் திகதி. காலை ஆறு ஐம்பதுக்கு இந்திரகுமார் கொட்டிலுக்குப் போகும்போது என்னையும் கூப்பிட்டார். கதவு திறந்திருந்தது. பித்தளைத் தகட்டில் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். படியின் இடது பக்கம் ஒன்று. நடுவில் பொட்டு இல்லை. பூட்டின் வாயை ஒரு வெற்றிலை மூடியிருந்தது. காற்றில் பறக்காதபடி அதன் மேல் ஒரு சிறு கல்.

இந்திரகுமார் கல்லை எடுத்துக் கீழே வைத்தார். வெற்றிலையை எடுத்தார். அதைப் போட மனமில்லாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப் பையில் வைத்தார். பட்டனை அமுத்தினார். எட்டு விநாடி. கதவு உட்கார்ந்து, பூட்டு 'டக்' என்று பிடித்தது. மேலே எழவில்லை.

நாங்கள் வீட்டுக்குள் வந்தபோது கலண்டர் ஆணி வெறுமையாக இருந்தது. மல்லிகா போனில் பேசிக்கொண்டிருந்தார். "அத்தைகிட்ட சொல்லிறு, நான்தான் பூ வைக்கிறேன்னு" என்றார். "ரெண்டு இலைய மறுபடி போடச் சொல்லு. இல்ல, மூணு. கிளாக்கர் ஐயாவும் வாறாரு." என்னை அவர் அதுவரை கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு நாற்பதுக்குப் புறப்பட்டோம். இருபத்துநாலு கிலோமீற்றர். ரம்புக்கனையை நெருங்கும்போது மழை பிடித்தது. நிலையத்தில் ரயில் ஒன்று மலை ஏறுவதற்குக் காத்து நின்றது. மல்லிகா முன் இருக்கையில் பட்டுச்சேலையோடு, மடியில் பூப் பொட்டலத்தோடு இருந்தார். ஒரு கை மட்டும் கழுத்தருகிலேயே இருந்தது.

மண்டபத்தின் வாசலில் இந்திரகுமார் வண்டியை நிறுத்தி இறங்கினார். மல்லிகாவைக் கண்டதும் உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் குடையோடு ஓடி வந்தார்கள். நாற்காலி டிக்கிக்குள் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு இளைஞர்கள் வண்டியின் பின்பக்கம் போய்க் கதவைத் தூக்கக் குனிந்துவிட்டார்கள்.

"தம்பி, தள்ளி நில்லுங்க" என்றார் மல்லிகா, ஜன்னல் வழியாக. "யாரும் புடிக்க வேணாம். கதவு வருது."

அவர்கள் நிமிர்ந்து விலகினார்கள். மல்லிகா ரிமோட்டை அமுத்தினார். மழைக்குள் கதவு மெதுவாக எழுந்தது. அதன் கீழே நாற்காலியும், பக்கத்தில் பித்தளைத் தகடும், அதில் வெள்ளிக்கிழமைப் பொட்டும் தெரிந்தன. ஒன்பதாவது விநாடியில் கதவு நின்றது. இந்திரகுமார் கதவுக்குக் கீழே நனையாமல் நின்று, இரண்டு கையாலும் நாற்காலியை இறக்கினார். கை தோளுக்கு மேலே போகத் தேவையிருக்கவில்லை.

மல்லிகாவை நாற்காலியில் உட்கார்த்திய பிறகு, பழக்கத்தில் அவர் பின்னால் போய்க் கதவுக்கு முதுகைக் கொடுத்துக் குனியத் தொடங்கினார்.

"அங்க என்ன செய்றீங்க?" என்றார் மல்லிகா. "இங்க வந்து எனக்குப் பக்கத்துல நில்லுங்க."

அவர் வந்து நின்றார். மல்லிகா மறுபடி அமுத்தினார். கதவு இறங்கி மூடிக்கொண்டது.

அப்போதுதான் தெருவின் மறுபக்கம், கடையொன்றின் தாழ்வாரத்தில் ஹஸீப் நிற்பதைக் கண்டேன். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் கராஜ் வேலைக்கான ஆயுதப் பை. அவருக்கு அழைப்பு இருக்கவில்லை. 'டக்' என்ற சத்தம் தெருவைத் தாண்டி அவருக்குக் கேட்டிருக்குமா என்று தெரியாது. பையை மற்றக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, பஸ் வரும் பக்கம் திரும்பினார்.

"ஹஸீப் நானா" என்று மல்லிகா கூப்பிட்டார். மழைச் சத்தத்துக்கு மேலாக, பால் நிறுக்கும் இடத்தில் பேர் சொல்லும் குரலில் கூப்பிட்டார். "எங்க போறீங்க? நாலு இலை போடச் சொல்லியிருக்கு."

மூன்று என்றுதான் அவர் சொல்லியிருந்தார். உள்ளே போனதும் நான் அதைத் திருத்தச் சொன்னேன்.